காலை மீட்டிங்கும் தேவகியின் எடையும்

1. மயக்கம்

எங்கள் தொழிற்சாலையில் ஆள் மயங்கி விழுந்தால் உடனே தெரியாது. லைன் நின்றால் உடனே தெரியும். தேவகி விழுந்த அன்று இரண்டும் ஒன்றாக நடந்தன. நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அங்கே பெரிய கூட்டம் நின்றது. பாதிப் பேர் தேவகியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் நின்றுபோன லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் ஹார்னெஸ் செய்யும் கம்பெனி அது. காரின் உடம்பு முழுக்க ஓடுகிற ஒயர்களை அளவாக வெட்டி, முனையில் பின் வைத்து, டேப் சுற்றி, ஒரே கட்டாக அனுப்புவோம். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் அங்கே ஓ.ஹெச்.சி. நர்ஸ். ஓ.ஹெச்.சி. என்பது கம்பெனிக்குள்ளேயே இருக்கும் மருத்துவ அறை. இரண்டு கட்டில், ஒரு எடை மெஷின், ஒரு பி.பி. மெஷின், ஒரு அலமாரி நிறைய மருந்து. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான். பிரமிளா என்ற என் பெயர் பேட்ஜில் இருக்கும், யார் வாயிலும் வராது. எல்லோருக்கும் நான் சிஸ்டர்.

தேவகியைக் கட்டிலில் படுக்கவைத்து விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒரு டீ சிஸ்டர்."

"நேத்து?"

"மத்தியானம் வெள்ளரிக்கா. ராத்திரி ஒரு சப்பாத்தி."

"அதுக்கு முந்தின நாளு?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அதே தான்."

தேவகி மூன்றாவது லைனுக்கு லீடர். சுங்குவார்சத்திரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒல்லியாக இருப்பாள். ஒயர் முனையில் பின் வைக்கும் கிரிம்பிங் மெஷினில் அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். அதனால்தான் லீடர் ஆனாள். கடந்த இரண்டு வருடத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தாள். கையும் காலும் அவ்வளவாக மாறவில்லை. முகம் உருண்டையாகிவிட்டது, வயிறு முன்னால் வந்துவிட்டது.

அப்போது எங்கள் ஹெச்.ஆர். அருண் ஒரு ஃபிட்னெஸ் சேலஞ்ச் ஆரம்பித்திருந்தான். நல்ல பையன், நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். எடை அதிகம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், வாராவாரம் எடை பார்க்கப்படும், குறைத்தவர்கள் பெயர் கேண்டீன் வாசலில் உள்ள போர்டில் மேலே ஏறும். குறையாதவர்கள் பெயர் கீழே இறங்கும். தேவகியின் பெயர் கடைசியில் இருந்தது. தட்டை எடுக்க வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் அது தெரியும். அதனால் அவள் கேண்டீனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

"நான் ஒண்ணும் துன்றதில்ல சிஸ்டர். யாரும் நம்ப மாட்றாங்க. எங்க வூட்டுக்காரரே கேக்கறாரு, எனக்குத் தெரியாம ஒளிச்சி வச்சி சாப்புடறியான்னு."

"அப்புறம் எப்படி ஏறுது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. பட்டினி கிடக்கிற உடம்பு ஏன் ஊதுகிறது? பி.பி. பார்த்தேன், அதுவும் கூடுதலாக இருந்தது. சேலைக்கட்டு படுகிற இடத்தில் தோலில் சிவந்த கோடுகள் ஓடியிருந்தன. பிரசவக் கோடுகள் பழசானால் வெள்ளையாகிவிடும். இவை புதிது.

சாயங்காலம் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். "சிஸ்டர், அடுத்த தடவ மெஷின் மேல விழுந்தா யார் ரெஸ்பான்சிபிள்? மெடிக்கல் அன்ஃபிட்னு எழுதுங்க. பேக்கிங்குக்கு மாத்திடறோம். லீடர் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறோம்."

"டாக்டர் பாக்காம நான் எழுத முடியாது சார்."

"டாக்டர் எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. டாக்டர் கேட்டவை

டாக்டர் நசீமா அதிகம் பேசாதவர். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். தேவகி வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

"முகத்துக்கு என்ன க்ரீம் போடுறீங்க?"

தேவகி என்னைப் பார்த்தாள். "பவுடர் தாங்க."

"வெள்ளையாகறதுக்குன்னு மெடிக்கல்ல ஏதாவது வாங்கினீங்களா? மூட்டுவலிக்கு ஊசி? இளைப்புக்குப் பம்ப்? யாராவது குடுத்த பொடி, லேகியம்?"

எதுவும் இல்லை. இந்தக் கேள்விகளின் காரணத்தை டாக்டர் பிறகு எனக்குச் சொன்னார். ஸ்டீராய்டு எந்த வழியாக உடம்புக்குள் போனாலும் முகம் உருண்டையாகும், வயிறு ஏறும், பி.பி. ஏறும். விவரம் சொல்லாமல் விற்கப்படும் க்ரீமிலும் பொடியிலும் அது கலந்திருக்கலாம். நம் உடம்பும் அதே மாதிரி ஒன்றைத் தானாகவே சுரக்கிறது. கார்டிசால் என்று பெயர். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அதைச் செய்கிறது. அந்தச் சுரப்பியிலோ, அதற்குக் கட்டளை கொடுக்கும் மூளையின் அடிப்பகுதியிலோ கட்டி இருந்தால் கார்டிசால் கட்டுப்பாடு இல்லாமல் ஊறும். அரிதான நோய்தான். ஆனால் தேவகியின் முகத்தையும் தோலின் கோடுகளையும் பார்த்தபின் சோதிக்காமல் விட முடியாது.

பி.பி.க்கு ஒரு மாத்திரை எழுதினார். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்புறம் கார்டிசாலுக்கு வந்தார்.

"இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மேடம். அடுத்த வாரம் செகண்ட்டு. அதுக்கடுத்து தேர்ட்டு, ராத்திரி முழுக்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கார்டிசாலுக்கு ஒரு நாள் கணக்கு உண்டாம். விடியும்போது ஏறும், அதனால்தான் நமக்கு எழுந்திருக்க முடிகிறது. பொழுது போகப்போக இறங்கும், படுக்கிற நேரத்தில் அடியில் இருக்கும். ராத்திரி எச்சிலை எடுத்து அளந்து பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. வாராவாரம் தூங்கும் நேரம் மாறுகிறவளுக்கு ராத்திரி எது, விடியல் எது என்று உடம்புக்கே தெரியாது, அந்தச் சோதனையை எப்படி நம்புவது என்றார்.

அதனால் வேறு வழி சொன்னார். படுக்கும் முன் ஒரு மாத்திரை. 'போதும், நிறுத்து' என்று உடம்புக்குச் சொல்கிற மாத்திரை. ஆரோக்கியமான உடம்பு அதைக் கேட்டுச் சுரப்பதை நிறுத்திவிடும். கட்டி இருந்தால் கேட்காது. மறுநாள் காலை ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். சோதனை நடக்கும் வாரத்துக்கு மட்டும் தேவகிக்குப் பகல் வேலையான ஜெனரல் ஷிஃப்ட் வாங்கிக் கொடுத்தேன்.

புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்ட காகிதத்தில் டாக்டர், "பரிசோதனை முடியும் வரை இப்போதுள்ள வேலையில் தொடரலாம். உணவு நேரம் தவறக் கூடாது" என்று எழுதினார். அடியில் அழுத்தமாகக் கோடு போட்டார்.

3. கட்டி இல்லை

ஸ்ரீபெரும்புதூர் லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. தைராய்டு சரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நோய் என்று சொல்லும் எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கார்டிசால் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக இறங்கியிருந்தது. கட்டி இல்லை.

எனக்கு நிம்மதி. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே சொன்னேன். தேவகி சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லயா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல. சந்தோஷப்படு."

"ஒரு கட்டியாச்சும் இருந்திருக்கலாம்" என்றாள். "ஆபரேஷன் பண்ணிக்கினு போயிருப்பேன். இவ துன்னு துன்னு ஊதல, இவளுக்கு வியாதின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப இன்னா சொல்லுவேன்?"

அப்போதுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. யூனிஃபார்ம் கோட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எத்தனையோ பேருக்கு ரிப்போர்ட் சொல்லியிருக்கிறேன். நோய் இல்லை என்று தெரிந்து அழுத ஒரே ஆள் தேவகிதான்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது இதைச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு தேவகியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கட்டி இல்லன்னுதான் சொன்னோம். காரணம் இல்லன்னு சொல்லலையே" என்றார். "ஒண்ணு சொல்லுங்க. யூனிஃபார்ம் டைட்டாக ஆரம்பிச்சது எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

தேவகி யோசிக்கவே இல்லை. "ஆயுத பூஜைக்கு அப்புறம். ரெண்டு வருசத்துக்கு மின்ன. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

"எப்படி அவ்வளவு நிச்சயமா?"

"அப்பதான் மேடம் காலை மீட்டிங் ஆரம்பிச்சாங்க."

4. மீட்டிங்

மூன்றாவது லைனிலிருந்து போன ஒரு பெட்டியில் ஒயர் இடம் மாறிப் பின் வைத்த ஹார்னெஸ் சில கலந்துவிட்டன. கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பிளான்ட் ஹெட் சந்திரமௌலி சனி, ஞாயிறு தவிர தினமும் காலையில் லீடர்கள் எல்லோரையும் மாடியில் கான்ஃபரன்ஸ் ரூமுக்கு வரச் சொன்னார். யார் லைனில் தேறாத பொருள், அதாவது ரிஜெக்‌ஷன் அதிகமோ அவர்கள் திரைக்கு முன்னால் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களும் இருந்து சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

"திட்டுவாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல மேடம். திட்டிட்டாக்கூடப் பரவால்ல. 'வொய்?'னு கேப்பாரு. சொல்லுவேன். மறுபடியும் 'வொய்?'ம்பாரு. கடசீல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது, சும்மா நிப்பேன். எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க."

"வீட்டுக்குப் போனா?"

"பட்த்தா தூக்கம் வராது. நாளைக்கு இன்னா கேப்பாரோன்னு ஓடிக்கினே இருக்கும். அப்பிடியே கண்ணு அசந்தா, எந்த ஒயர் எந்த ஓட்டைன்னு கனவு வரும். எழுந்திடுவேன். ஃபோன்ல க்ரூப்ப பாப்பேன், எந்த லைன்ல இன்னா ரிஜெக்‌ஷன்னு."

"அப்ப பசிக்குமா?"

தேவகி தலையைக் குனிந்தாள். "சாதம் பசிக்காது. இனிப்பா எதுனா வேணும்னு இருக்கும். பாப்பாவுக்கு வச்ச பிஸ்கட் எடுத்து ரெண்டு துன்னுவேன். பட்டினி கெடந்த அன்னிக்கி ரெண்டோட நிக்காது. அதத்தான் எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாரு."

டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன்.

நாய் துரத்தினால் ஓடுவதற்குத் தெம்பு வேண்டும். உடம்பு உடனே கார்டிசாலைச் சுரக்கும். அது ஈரலிடம் போய், இருப்பில் உள்ள சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடச் சொல்லும். ஓடுகிற காலுக்கு அது போய்ச் சேரும். நாய் போய்விட்டால் கார்டிசால் இறங்கிவிடும், எல்லாம் பழைய நிலைக்கு வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாய் தினமும் காலையில் வந்தால்? நாமும் ஓடாமல் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்? வெளியே வந்த சர்க்கரை செலவாகாது. அதைப் பத்திரப்படுத்த இன்சுலின் கூடுதலாக வரும். இரண்டும் சேர்ந்து இருக்கிறபோது கொழுப்பு சேருவதற்கு வயிற்றுப் பகுதிதான் வாகான இடம், அங்கே உள்ள கொழுப்பு அணுக்கள் கார்டிசாலின் பேச்சை அதிகம் கேட்கும். அந்த வயிற்றுக் கொழுப்பும் சும்மா இருக்காது. அது விடுகிற ரசாயனங்களால் இன்சுலினின் வேலை மந்தமாகும், உடம்பு இன்னும் இன்சுலினை ஊற்றும்.

தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கும். இனிப்பும் எண்ணெயும் தேடும் மனசு. அதோடு பட்டினியும் கிடந்தால் உடம்பு அதையும் ஒரு ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். செலவைக் குறைத்துக்கொண்டு, கிடைக்கிற நேரத்தில் பிடித்து வைக்கும்.

"அப்ப நான் சோம்பேறி இல்லயா மேடம்?"

"கிரிம்பிங்ல உங்க வேகத்துக்கு இன்னும் ஆள் வரலன்னு சிஸ்டர் சொன்னாங்க. சோம்பேறிக்கு அது வருமா?"

தேவகி போனபின் எனக்கு மட்டும் ஒன்று சொன்னார். "இத ரொம்ப ஈசியா எடுத்துக்காதீங்க சிஸ்டர். எல்லாத்துக்கும் ஸ்ட்ரெஸ்னு சொல்லி மூடிடக் கூடாது. சாப்பாடு, பரம்பரை, ஷிஃப்ட், எல்லாம் சேர்ந்துதான் உடம்பு. ஒரே டென்ஷன்ல ஒருத்தர் இளைப்பாங்க, ஒருத்தர் ஊதுவாங்க. இவங்களுக்கு இப்படி. ஏன்னு முழுசா எனக்கே தெரியாது."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

5. பி.பி. மெஷின் மாடி ஏறியது

மீட்டிங்கில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. கார்டிசாலை நான் அளக்க முடியாது. பி.பி. அளக்கலாம். சந்திரமௌலி சாரிடம் போய், லீடர்களுக்கு ஒரு ஹெல்த் செக்கப், மீட்டிங் நேரத்திலேயே முடித்துவிடுகிறேன் என்றேன்.

"டைம் வேஸ்ட் ஆகாம பாத்துக்குங்க" என்றார்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் உற்சாகமாகிவிட்டார், ஆனால் என் திட்டத்தைப் பிரித்துப் போட்டார். "மாடி ஏறி வந்த உடனே பாத்தா எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் உக்கார வச்சுப் பாருங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வெளிய வந்தப்புறம் ஒரு தடவ. அதே ஆளுங்கள மீட்டிங் இல்லாத நாள்லயும் அதே நேரத்துக்குப் பாருங்க. இல்லன்னா எத எதோட ஒப்பிடுவீங்க?"

சனிக்கிழமைகளில் மீட்டிங் கிடையாது. அப்படியே செய்தேன்.

மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது அளவு கூடியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. உள்ளே போவதற்கு முன், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பெரும்பாலோருக்கு அதிகமாக இருந்தது. முன்னால் போய் நின்று பேசி முடித்து வந்தவர்களுக்குக்கூட வெளியே வரும்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. என் பெயர் வருமா வராதா என்று காத்திருப்பதுதான் உடம்பை ஏற்றியது. சனிக்கிழமை அதே நாற்காலியில் அதே ஆட்கள் கதை பேசிக்கொண்டு கை நீட்டினார்கள், அளவு குறைந்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு டீ குடித்து, லைனுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. தேவகியை மத்தியானம் கூப்பிட்டுப் பார்த்தபோதும் இறங்கவில்லை. நாய் போன பிறகும் அவள் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

செக்கப் முடியும் சமயம் சந்திரமௌலி சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே உட்கார்ந்தார். "எனக்கும் பாருங்க சிஸ்டர்."

பார்த்தேன். சொல்லலாமா என்று யோசித்து, மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மெஷின் சரியா இருக்கா?"

"சரியாதான் சார் இருக்கு."

"இன்னொரு வாட்டி பாருங்க."

இன்னொரு வாட்டியும் அப்படியே இருந்தது. லீடர்களில் யாருக்கும் அவ்வளவு இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எனக்கு ஹெட் ஆபீஸ் கால் இருக்கு" என்றார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

டாக்டர் நசீமா மறுவாரம் அவரைச் சந்தித்துப் பேசினார். நான் கூட இருந்தேன். யாரையும் குறை சொல்கிற பேச்சு அங்கே வரவில்லை. தேவகியின் அனுமதியோடு, இந்த உடம்புக்கு என்ன வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொன்னார். சில மாதங்களுக்குத் தேர்ட் ஷிஃப்ட் வேண்டாம். சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. ஓய்வு நாளில் ஃபோனுக்கு ஓய்வு.

"மீட்டிங்?" என்று அவரே கேட்டார்.

"அத நீங்கதான் சார் முடிவு பண்ணணும்" என்றார் டாக்டர்.

அவர் யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு மாடி மீட்டிங்கை நிறுத்திவிட்டு, அவரே காலையில் கீழே இறங்கி லைன் லைனாக வர ஆரம்பித்தார். ஒயர்களைப் பரப்பிக் கட்டும் ஹார்னெஸ் போர்டு பக்கத்தில் நின்று, லீடரோடு ஒயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்பார். பழக்கதோஷத்தில் 'வொய்?' வரும். ஆனால் கேட்பது அவர் ஒருவர்தான், பார்க்க யாரும் இல்லை. பேக்கிங்குக்கு மாற்றும் பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

அருண் கேண்டீன் போர்டைத் தானே கழற்றினான். "மோட்டிவேஷனா இருக்கும்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றான். அவன் முகம் பாவமாக இருந்தது. "நடக்கறவங்களுக்கு ஒரு க்ரூப் ஆரம்பி. எடை பேசாத க்ரூப்பு" என்றேன். ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காம்பவுண்டு மர நிழலில் சிலர் இன்றும் சேர்ந்து நடக்கிறார்கள்.

6. இறங்கிய விதம்

கதையில் என்றால் தேவகி ஒல்லியாகியிருப்பாள். நிஜத்தில் முதல் சில மாதங்களுக்கு எடை மெஷின் அசையவே இல்லை. காலையில் பொங்கலோ இட்லியோ சாப்பிட்டாள், மத்தியானம் சுண்டலும் சாதமும் சாப்பிட்டாள். அதைப் பார்த்து லைனில் ஒருத்தி, "டயட்ட வுட்டுட்டியாக்கா?" என்று கேட்டாளாம். தேவகி என்னிடம் வந்து நின்றாள்.

"பட்டினி கெடந்தப்பவும் ஏறிச்சி. சாப்புடறப்ப ஏறல. அது ஒண்ணுதான் சிஸ்டர் வித்தியாசம்."

"அது சின்ன வித்தியாசமா?" என்றேன்.

முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் பிஸ்கட் தேடுவது தானாகக் குறைந்தது. அதற்கும் அப்புறம்தான் இடுப்பு அளவு இறங்கத் தொடங்கியது, எடை இன்னும் தாமதமாக இறங்கியது. பி.பி. மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்தார். சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து தள்ளிப் போனது. பழைய தேவகி திரும்பி வரவில்லை. வர வேண்டிய அவசியமில்லை என்றார் டாக்டர். முகத்தின் உருண்டை மட்டும் கரைந்து, அவளுடைய கன்ன எலும்பு மறுபடி தெரிந்தது.

அவள் கணவர் ஒரு நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சிஸ்டர், அத நான் ஒரு வார்த்த கேட்டுட்டேன். ஒளிச்சி வச்சி துன்றியான்னு. இப்ப அதுக்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெர்ல."

"எங்கிட்ட சொன்ன மாரியே சொல்லுங்க" என்றேன்.

சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

7. கதவைச் சாத்தியவர்

இந்த விஷயம் பரவிய பிறகு ஓ.ஹெச்.சி.க்கு வருகிறவர்கள் மாறினார்கள். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், செக்யூரிட்டி சூப்பர்வைசர், ஸ்டோர்ஸில் ஒரு பெண். "சிஸ்டர், எனக்கும் வயிறு மட்டும் தான் ஏறுது" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோருக்கும் காரணம் ஒன்றாக இருக்கவில்லை. ஒருவருக்குத் தைராய்டு. இன்னொருவருக்கு நிஜமாகவே புரோட்டா.

ஒரு நாள் மத்தியானம் சந்திரமௌலி சார் வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூல் அவருக்குச் சின்னது.

"தூக்கம் வரமாட்டேங்குது சிஸ்டர்" என்றார். "பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டே இருக்கேன். எங்க ஃபேமிலி டாக்டர் நடக்கச் சொன்னாங்க, நடக்கறேன். சாப்பாட்டக் கொறச்சிட்டேன். ஒண்ணும் கேக்கல."

"எப்பலேந்து சார்?"

அவர் கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. நானும் இடையில் பேசவில்லை.

"இந்தப் பிளான்ட்ட எங்கிட்ட குடுத்ததுலேந்து" என்றார் கடைசியில். பிறகு சிரித்தார். "அவங்களுக்கு நான் மீட்டிங்க நிறுத்திட்டேன். எனக்கு யார் சிஸ்டர் நிறுத்துவா?"

தெரியவில்லை சார் என்றேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வருவார், முதல் ஆளாக வாருங்கள் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்து, கவிழ்த்து மேஜையில் வைத்தார். ஹெட் ஆபீஸாக இருந்திருக்கலாம். அடித்து அடித்து நின்றது. அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார். சாயங்காலம் பஸ்கள் கிளம்புகிற நேரம் வரைக்கும் பேசினார்.

இப்போது ஓ.ஹெச்.சி.களில் புதிதாகச் சேரும் பெண்கள் என்னிடம் வேலை பற்றிக் கேட்கிறார்கள். மெஷின்களை இயக்க யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். எடை ஏறிய ஆள் வந்தால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போதிலிருந்து என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரப்படாதீர்கள். பதில் வர நேரமாகும், ஏனென்றால் அதுவரைக்கும் அவர்களிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.